குளத்துக்கு மேலே கிடக்கும் காணி: தேக்கு, யூக்கலிப்டஸ், மரமுந்திரிகை, அல்லது பற்றையை வளர விடுவது

இலங்கையின் வன்னியில் சின்னக் குளத்தை நம்பி வயல் செய்கிற ஊர்களில், கமக்கார அமைப்புக் கூட்டம் என்றால் இந்தக் கேள்வி எப்படியும் தலைகாட்டும். குளத்துக்கு மேலே, நீரேந்து பகுதியில், ஒரு துண்டு மேட்டுக்காணி கிடக்கிறது. ஒரு காலம் சேனை, பிறகு இடப்பெயர்வு, திரும்பி வந்தபோது பற்றை. இனி அதை என்ன செய்வது? தேக்கு வைத்தால் பிள்ளைகளின் காலத்துக்கு உதவும் என்பார் ஒருவர். யூக்கலிப்டஸ் கெதியாக வளரும் என்பார் இன்னொருவர். மரமுந்திரிகை என்றால் வருடாவருடம் கைக்குக் காசு வரும் என்பது மூன்றாவது கட்சி. ஒன்றும் வைக்க வேண்டாம், விட்டால் காடு தானாக வரும் என்பவர்கள் பின்வரிசையில் இருப்பார்கள். அவர்களுடைய பேச்சு அநேகமாக எடுபடுவதில்லை. நான் அந்தப் பின்வரிசைக்காரன், சில நிபந்தனைகளோடு.

மரத்தின் விலையை வைத்து இந்த நாலையும் ஒப்பிடுவது சுலபம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கவேண்டும் என்பது என் கட்சி. எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் வரும் கொஞ்ச மழையைத் தவிர்த்தால் மாசியிலிருந்து புரட்டாதி வரை மண் காய்ந்தே கிடக்கும். அப்படிக் காய்ந்த மண்ணில் விழும் முதல் மழை உள்ளே இறங்குமா, மேலால் ஓடுமா? எந்த மரத்தின் கீழ் எது நடக்கும்?

காய்ந்த மண் தண்ணீரை உடனே குடிக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சில மரங்களின் கீழ் நடப்பது எதிர்மாறு. இலையிலும் வேரிலும் இருந்து வரும் மெழுகுப் பொருட்கள், பூஞ்சண இழைகள் விட்டுச்செல்லும் பொருட்கள் எல்லாம் மண் துணிக்கைகளை மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்கின்றன. அதன்மேல் விழும் துளி சேம்பிலைத் தண்ணீர்போல உருண்டு நிற்கும். மண்ணில் ஈரம் இருக்கும்வரை இந்தக் குணம் வெளியே தெரியாது. ஈரம் ஓர் எல்லைக்குக் கீழே போனதும்தான் தலைதூக்கும். கார்த்திகையில் போய் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு "இங்கே அப்படி ஒன்றுமில்லை" என்று சொல்பவரின் பேச்சை நம்ப முடியாதது அதனால்தான்.

மணல் மண்ணில் இந்தத் தொல்லை அதிகம். ஒரு கைப்பிடி மணலில் உள்ள துணிக்கைகளின் மொத்த மேற்பரப்பு, ஒரு கைப்பிடி களியில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு. கொஞ்ச மெழுகு இருந்தாலே மணல் முழுதும் மூடிவிடும். மேற்கு அவுஸ்திரேலியாவில் கமக்காரர் மணல் வயல்களுக்குக் களிமண்ணைக் கொண்டுவந்து கலப்பதே இதற்கு மருந்தாகத்தான். ஆகவே முல்லைத்தீவுக் கரையோர மணலும், வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண்ணும், முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியும் ஒரே மரத்துக்கு ஒரே மாதிரிப் பதில் சொல்லாது. களியில் இந்தப் பயம் மிகவும் குறைவு. மணலில் மரத்தெரிவை மாற்றும் அளவுக்குப் பெரியது. வன்னியின் பெரும்பகுதியான செங்கபில மண் இரண்டுக்கும் நடுவில்.

செங்கபில மண்ணில் தண்ணீர் ஓடினால் உடனே மெழுகைக் குற்றம் சொல்லவும் கூடாது. அந்த மண்ணுக்கு வேறொரு வியாதியும் இருக்கிறது. வெறுமையாகக் கிடந்தால் மழைத்துளியின் அடியில் மேற்பரப்பு நொருங்கி, நுண்துணிக்கைகள் துவாரங்களை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல இறுகிவிடும். இதற்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது லேசு. மேல் ஓட்டை உடைத்துத் தூளாக்கி அதில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். தூளாக்கியதும் தண்ணீர் இறங்கினால் அது இறுகிய ஓடு. மூடாக்கும் நிழலும் போதும். தூளாக்கிய பிறகும் துளி உருண்டு நின்றால் அது நீரை விலக்கும் மண். அங்கே மரத்தையே யோசிக்க வேண்டும்.

சரி, குளத்துக்காரர் ஒருவர் இங்கே குறுக்கே கேட்பார்: தண்ணீர் ஓடினால்தானே குளம் நிரம்பும், மண் குடித்தால் எங்களுக்கு என்ன லாபம்? நியாயமான கேள்வி. காடு வைத்தால் தண்ணீர் கூடும் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை இங்கே அப்படியே ஒப்பிக்க முடியாது. மரம் தண்ணீரைக் குடிக்கும். 1982இல் போஷ், ஹியூலெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலகின் பல பகுதிகளில் நடந்த 94 நீரேந்துப் பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நிலத்தின் 10 வீதத்தில் மரப்போர்வை மாறினால் ஆண்டு நீர்வரத்து யூக்கலிப்டஸ், ஊசியிலை மரங்களுக்குச் சுமார் 40 மில்லிமீற்றர், இலையுதிர் மரங்களுக்குச் சுமார் 25, பற்றைக்குச் சுமார் 10 என்ற கணக்கில் மாறுகிறது என்றார்கள். 100 ஏக்கர் நீரேந்து பகுதிக்கு இதைப் பெருக்கினால், 10 ஏக்கரில் யூக்கலிப்டஸ் வைத்தால் நீர்வரத்தில் குறைவது ஆண்டுக்கு 13 ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்), இலையுதிர் மரம் 8, பற்றை 3 ஏக்கர் அடிக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் எங்களைவிட ஈரமான நாடுகளில் நடந்தவை, ஆகவே எண்களை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம். வரிசையை நம்பலாம். சின்னக் குளத்துக்கு 13 ஏக்கர் அடி என்பது சிறுபோகத்தில் இரண்டு மூன்று ஏக்கர் செய்வதா இல்லையா என்ற வித்தியாசம்.

ஆனால் நீரை விலக்கும் மண்ணிலிருந்து ஓடிவரும் தண்ணீரைக் குளத்தின் வரவில் எழுதுவது தப்பு. குளம் நிரம்புவது கார்த்திகை, மார்கழியில், மண் ஊறி நிறைந்த பிறகு. அந்த நேரம் மெழுகு தன் வேலையை நிறுத்திவிட்டிருக்கும். எந்த மரம் நின்றாலும் தண்ணீர் வரத்தான் போகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது மேலே காடு இருந்ததா என்பது பெரிய வித்தியாசம் செய்திருக்காது. மெழுகு வேலை செய்வது ஐப்பசியின் முதல் மழைகளில். அப்போது ஓடிவரும் தண்ணீர் அளவில் கொஞ்சம், வண்டலோ நிறைய, ஏனென்றால் நிலத்தில் புல்லும் இல்லை, மூடாக்கும் இல்லை. அந்த வண்டல் குளத்தின் அடியில் தங்கி, பிற்பாடு வரும் தண்ணீருக்கு இடமில்லாமல் செய்யும். கிணற்றுக்காரருக்கும் நட்டம், ஓடிப்போன மழை நிலத்தடிக்குச் சேராது. இறங்கும் கொஞ்சத் தண்ணீரும் ஒழுங்காகப் பரவாது. மண் சீராக நனையாமல், தண்ணீர் அங்கங்கே விரல் விரலாக ஆழத்துக்கு இறங்க, நடுவில் உள்ள மண் வெள்ளம் பார்த்தும் காய்ந்தே நிற்கும்.

ஆக, மரத்திடம் நாங்கள் கேட்பது இரண்டு. முதல் மழையை உள்ளே விடவேண்டும். நடு மாரியின் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கக்கூடாது.

யூக்கலிப்டஸும் சவுக்கும் இந்த இரண்டிலும் தோற்கும். நாட்டின் உலர்வலயத்தில் விறகுக்கும் கம்பத்துக்கும் என்று நட்டது பெரும்பாலும் யூக்கலிப்டஸ் கமல்டுலென்சிஸ். எண்ணெயும் மெழுகும் நிறைந்த அதன் இலைச்சருகின் கீழ் மண் நீரை விலக்குவது உலகம் முழுக்கப் பதிவான விஷயம். இங்கேயே ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெற்குக் கரையோரச் சவுக்குத் தோப்பு மணலில் இதே குணத்தை அளந்து காட்டியிருக்கிறார்கள். குடிக்கும் கணக்கில் மட்டும் யூக்கலிப்டஸுக்குக் கொஞ்சம் நியாயம் செய்யவேண்டும். கர்நாடகத்தில் கால்டர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அளந்தபோது, மண் ஆழமான ஹொசகோட்டேயில் அது பெய்த மழையைவிடக் கூடுதலாகவே குடித்தது, அதாவது மண்ணின் சேமிப்பில் கைவைத்தது; மண் ஆழம் குறைந்த இடத்தில் உள்ளூர்க் காட்டைவிடக் கூடுதலாகக் குடிக்கவில்லை. வன்னியில் கல்தரைக்கு மேலே மண் ஆழம் குறைந்த இடங்கள் நிறைய. அதற்காக அதை நீரேந்து பகுதியில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. கிணறு உள்ள இடத்திலிருந்து தள்ளி, வேலிக் கம்பத்துக்கு ஒரு சிறு தோப்பு வைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். சவுக்கு கடற்கரைக்கு, காற்றைத் தடுக்க. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுச் சவுக்கங்காடு அந்த வேலையைச் செய்கிறது. குளத்துக்கு மேலே அதற்கு வேலையில்லை.

தேக்கு அவ்வளவு எளிதில் ஒதுக்கக்கூடிய மரமில்லை. முள்ளியவளையில் தேக்கங்காட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது மரம் மட்டுமில்லை, வங்கிக் கணக்கு. கோடையில் இலை உதிர்த்துவிடுவதால் அந்தக் காலத்தில் குடிப்பதும் குறைவு. அதன் பலவீனம் நிலத்தில். பெரிய இலையில் சேர்ந்து விழும் சொட்டு, வானத்திலிருந்து நேரே விழும் சொட்டைவிடப் பெரிது. அளந்து பார்த்தவர்கள் தேக்கின் கீழ் விழும் சொட்டுகளின் அடி பைன் மரத்தின் கீழ் உள்ளதைவிடப் பல மடங்கு என்றார்கள். அந்த அடியைத் தாங்கச் சருகும் கீழ்ச்செடியும் இருந்தால் பாதகமில்லை. ஆனால் தேக்குச் சருகு கோடையில் பற்றி எரியாத வருடம் குறைவு. ஒருவர் பீடி எறிந்தாலும் போதும். மாட்டுக்குப் புல் தளிர்க்கட்டும் என்று வேண்டுமென்றே வைப்பவர்களும் இருக்கிறார்கள். முற்றிய தேக்கு அந்தத் தீக்குத் தப்பிவிடும், கீழே மண் தப்பாது.

தீ என்பது இந்த ஒப்பீட்டில் மரத்தைவிடப் பெரிய விஷயம், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். சருகு எரியும்போது மெழுகில் ஒரு பங்கு ஆவியாகி மண்ணுக்குள் இறங்கிக் கீழே குளிர்ந்த இடத்தில் படிகிறது. மண்ணின் வெப்பம் 175 முதல் 200 பாகை செல்சியஸ் வரை போனால் நீர்விலக்கல் கூடுகிறது. 280ஐ நன்றாகத் தாண்டினால் மெழுகே எரிந்து குணம் அழிகிறது. ஒரே தீயில் இரண்டும் நடக்கும்: மேற்பரப்பில் சாம்பல் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கீழே நீரை விலக்கும் படை ஒன்று ஒளிந்திருக்கும். முதல் மழையில் மேல்மண் ஊறி, கீழே இறங்க வழியில்லாமல், அந்த மேல்மண்ணே வழுக்கிக்கொண்டு குளத்துக்குப் போகும். ஆகவே தீயைக் கட்டுப்படுத்த முடியாத ஊருக்கு எந்த மரம் நல்லது என்ற கேள்விக்கே பதில் இல்லை.

மரமுந்திரிகை இந்த நாலில் எனக்குப் பிடித்த இரண்டாவது. 10 மீற்றர் இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்கு 40 மரம்தான். நடுவில் புல்லுக்கும் கச்சானுக்கும் இடமிருக்கும். ஒட்டுக்கன்று மூன்று நாலு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். மன்னார் கொண்டச்சிப் பக்கம் போனவர்களுக்கு இந்த மரம் எவ்வளவு மோசமான மணலிலும் நிற்கும் என்று தெரியும். மரங்கள் ஐதாக நிற்பதால் தண்ணீருக்கும் நல்லது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. புர்கினா பாசோவில், எங்களைப்போலவே ஒரு பருவ மழையை நம்பிய காய்ந்த நிலத்தில், இல்ஸ்டெட் என்பவரும் கூட்டாளிகளும் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, மரமே இல்லாத நிலத்திலும் மரம் அடர்ந்த நிலத்திலும் நிலத்தடிக்கு இறங்கும் தண்ணீர் குறைவு, மரம் நடுத்தர அளவில் ஐதாக நிற்கும்போதுதான் அது உச்சம் என்று காட்டியது. மரம் துவாரம் போட்டுத் தருகிறது, நிழல் தருகிறது. ஆனால் கூட்டமாக நின்றால் தந்ததைத் தானே குடித்துவிடுகிறது.

மரமுந்திரிகையின் குறை, விழுந்த கொட்டையைப் பொறுக்க நிலம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது. பங்குனி, சித்திரையில் கீழே கூட்டிக் கொளுத்துவார்கள். மேலே சொன்ன தீக்கதை அங்கேயும் தொடங்கும். சருகைக் கூட்டி மரத்தடியில் வட்டமாகக் குவித்துவிட்டால் அந்தப் பிரச்சினை முக்கால்வாசி தீரும், அதற்குக் கூலி ஆள் வேண்டும். கூலிக்கணக்கைப் போடாமல் மரமுந்திரிகை லாபம் என்று சொல்பவரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இனிப் பற்றை. தீயும் மாடும் கோடரியும் போகாமல் விட்டால் வீரையும் பாலையும் முதிரையும் கருங்காலியும் தானாக எழும். ஓடைக்கரையில் மருதும் நாவலும் வரும். அடர்ந்த காடாகப் பல பத்து வருடம் ஆகும், ஆனால் தண்ணீரைப் பொறுத்தவரை அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பல இனச் சருகு கலந்து விழுவதால் ஒரே மெழுகு ஒரே இடத்தில் குவியாது. கறையானும் மண்புழுவும் போடும் துவாரங்களால், மேலே நீர்விலக்கல் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கும். குடிக்கும் கணக்கிலும் போஷ், ஹியூலெட் வரிசையில் பற்றை கடைசி. செலவு, தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் காவலும்.

காபனைப் பற்றிப் பேசவேண்டி வந்தது இங்கேதான், ஏனென்றால் காபன் கிரெடிட், அதாவது காற்றிலிருந்து இழுத்துச் சேமிக்கும் காபனுக்குக் காசு என்ற பேச்சும் இப்போது ஊர்களுக்கு வருகிறது. அதில் கணக்கிடுவது பெரும்பாலும் மரத்தின் காபனை. மண்ணின் காபன் மெல்ல ஏறும், மெல்ல ஏறியது ஒரு உழவில் இறங்கும். 2002இல் குவோ, கிஃபோர்ட் இருவரும் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிர்நிலத்தில் தோட்ட மரம் (தேக்குப்போல வரிசையாக நடும் மரம்) வைத்தால் மண்காபன் சராசரியாக 18 வீதம் கூடியது. அதே பயிர்நிலத்தைக் காடாக வளரவிட்டால் 53 வீதம். ஏற்கெனவே இருந்த காட்டை வெட்டித் தோட்ட மரம் வைத்தால் 13 வீதம் குறைந்தது. பழைய சேனைக்காணி என்றால் முதல் இரண்டு எண்ணும், பற்றை காடாகத் தொடங்கிவிட்ட காணி என்றால் மூன்றாவது எண்ணும் உங்களுக்கு. பற்றையை டோசர் போட்டுத் தள்ளித் தேக்கு நடுவதைக் காபன் திட்டம் என்று யாராவது சொன்னால், அந்த மூன்றாவது எண்ணை ஞாபகப்படுத்துங்கள்.

ஒரு முரணையும் மறைக்கக்கூடாது. நீரை விலக்கும் மண்ணில் காபன் கூடுதல் காலம் தங்கும். மண்கட்டிக்குள் தண்ணீர் லேசில் போகாததால் நுண்ணுயிர்களுக்கு உள்ளே இருக்கும் சேதனப் பொருள் எட்டாது; கட்டியும் மழையில் உடையாது. லேசான நீர்விலக்கல், அதாவது துளி சில செக்கன்கள் நின்று இறங்கும் அளவு, நன்மை. துளி நிமிடக்கணக்கில் நிற்பதுதான் தொல்லை. காபனை மட்டும் பார்க்கிறவர் யூக்கலிப்டஸ் மண்ணைப் பார்த்து மகிழலாம், கிணற்றுக்காரர் மகிழமாட்டார்.

பற்றையை வளரவிடுவதில் எங்கள் ஊர்களுக்கு உள்ள உண்மையான பயம் மண்ணில் இல்லை, எல்லைக்கல்லில் இருக்கிறது. இடம்பெயர்ந்து திரும்பியபோது தங்கள் காணி காடென்று குறிக்கப்பட்டிருக்கக் கண்ட குடும்பங்கள் வன்னியில் ஒன்றிரண்டு இல்லை. பற்றை வளர்ந்தால் காணி போய்விடும் என்று அவசரமாகத் துப்புரவாக்குபவரிடம் மண்காபன் பற்றி வகுப்பெடுப்பது அழகில்லை. ஆகவே என் முதல் நிபந்தனை: காணியின் பத்திரமோ அனுமதிப்பத்திரமோ, அல்லது குளத்தின் நீரேந்துப் பகுதி என்ற எல்லை வரைபடமோ பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் ஒழுங்காகப் பதிவானதன் பிறகுதான் விடுவது. அது முடியாத இடத்தில் மரமுந்திரிகையை முன்னுக்குப் போடுங்கள். வரிசையாக நிற்கும் மரம் பயிர் என்று யார் கண்ணுக்கும் தெரியும். யானை இன்னொரு காரணம். வீட்டுக்கு ஒட்டிய பற்றையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இதையெல்லாம் வைத்து, செங்கபில மண்ணில் 20 ஏக்கர் துண்டு ஒன்று என்னிடம் கேட்கப்பட்டால் இப்படிப் பிரிப்பேன். குளத்தின் அலைகரையை (குளம் நிரம்பும்போது தண்ணீர் தொட்டு நிற்கும் விளிம்பை) ஒட்டியும் ஓடைகளின் இருபுறமும் இருக்கும் ஒரு 12 ஏக்கரைத் தொடாமல் விடுவது, அலைகரையின் மேல்பக்கம் வண்டல் பிடிக்க ஒரு புல் வரிசை. ஊருக்குக் கிட்டவுள்ள 6 ஏக்கரில் ஐதாக மரமுந்திரிகை. மீதி 2 ஏக்கரில், ஓடைக்கு எட்டவாக, தேக்கு விரும்புகிறவருக்குத் தேக்கு, வரிசைகளுக்கிடையில் வேம்பும் இலுப்பையும் கலந்து. கரையோர மணல் என்றால் தேக்கை எடுத்துவிட்டுப் பனை. முருங்கன் களி என்றால் நீர்விலக்கலைப் பற்றிக் கவலைப்படாமல் வருமானத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

முடிவுக்கு முன்னால் ஆவணி அல்லது புரட்டாதியில், மழைக்கு முந்தி, ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். சொட்டுமருந்துப் போத்தலின் குழாய், சுத்தமான தண்ணீர், கைபேசியில் நேரம் பார்க்கும் வசதி, இவ்வளவும் போதும். சருகை ஒதுக்கி, மேற்பரப்பில் சில துளிகள், 2 சென்ரிமீற்றர் சீவி அதில் சில துளிகள், 5 சென்ரிமீற்றரில் சில துளிகள். பற்றைக்குள்ளும், வெளியிலும், அயலில் இருக்கும் தேக்கு அல்லது யூக்கலிப்டஸ் தோப்பின் கீழும் இதையே செய்யுங்கள். துளி 5 செக்கனுக்குள் இறங்கினால் நல்ல மண். 5 முதல் 60 வரை லேசான நீர்விலக்கல், விட்டுவிடலாம். 60ஐத் தாண்டினால் கடுமை, 600ஐத் தாண்டினால் மிகக் கடுமை. அயல் தேக்கங்காட்டில், தீ போன இடத்தின் 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் துளி ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால், மேலே நான் தேக்குக்குக் கொடுத்த 2 ஏக்கரையும் மரமுந்திரிகைக்குக் கொடுத்துவிடுங்கள். நிற்காமல் இறங்கினால், தீக்கோடு வெட்ட ஆள் இருந்தால், 4 ஆக்கலாம்.